எருக்கின் பால் எங்கே பிறக்கிறது?

புனேயில் சனிக்கிழமை காலை எந்த மாருதி கோயில் வாசலுக்குப் போனாலும் எருக்கிலை மாலை விற்பார்கள். குமரி மாவட்டத்திலிருந்து இங்கே வந்த புதிதில் எனக்கு இது பெரிய வியப்பு. நமக்கு எருக்கு என்றால் பிள்ளையார். வெள்ளெருக்கு வேரில் கடைந்த பிள்ளையார், சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை, ரத சப்தமி அன்று தலையிலும் தோளிலும் எருக்கிலை வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது. இங்கே பூவைவிட இலைக்குத்தான் மதிப்பு. ரூயி என்கிறார்கள். இலைகளை நூலில் கோத்து அனுமனுக்குச் சாத்துகிறார்கள். நான் வழக்கமாக மாலை வாங்கும் மாவ்ஷியின் (மராத்தியில் சித்தி) விரல்நுனிகள் பால் காய்ந்து கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும். மாலையைக் கொடுக்கும்போது "டோள்யாலா ஹாத் லாவூ நகோஸ்" என்று சொல்லாமல் விடமாட்டார். கண்ணில் கை வைக்காதே என்று அர்த்தம்.

மிகச் சரியான எச்சரிக்கை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கிவிடும். பல சமயம் வலிகூடத் தெரியாது, அதனால் ஆபத்து இன்னும் அதிகம். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் ஓட வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தப் பதிவைப் படித்த பிறகு உங்களில் சிலர் எருக்கிலையைக் கிள்ளிப் பார்க்கப் போகிறீர்கள்.

கிள்ளிய இடத்தில் பால் வருகிறது. அது செடிக்குள் எங்கே இருந்தது? வேர் உறிஞ்சிய நீர் சைலம் வழியாக மேலே போகிறது, இலை சமைத்த சர்க்கரை ஃப்ளோயம் வழியாகக் கீழே இறங்குகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இந்தப் பால் அந்த இரண்டிலும் ஓடுவதில்லை. அதற்கென்று தனியாகப் பால்குழாய்கள் இருக்கின்றன. அவை உயிருள்ள செல்கள். கிள்ளிய இடத்தில் துளிர்ப்பது அந்தச் செல்லின் உள்ளடக்கமே. சைட்டோபிளாசமும் செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழ்ப் பைகளின் சாறும் சேர்ந்து வெளியே வருகிறது. நான் படித்த தாவரவியல் புத்தகத்தில் இதற்கு 'சுரக்கும் திசுக்கள்' என்ற தலைப்பின் கீழ் அரைப் பக்கம்தான் கொடுத்திருந்தார்கள். இரண்டு வகை, நான்கு உதாரணங்கள், ஒரு படம். தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டுக் கடந்துபோனோம். அந்த அரைப் பக்கத்துக்குள் தாவர உலகத்தின் மிகப் பெரிய ஆச்சரியங்களில் ஒன்று கிடந்தது என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் உறைத்தது.

அந்த இரண்டு வகையைப் பிரித்துச் சொன்னவர் ஜெர்மானியர் ஆன்டன் டி பாரி. 1877-ல் வெளிவந்த அவருடைய தாவர உடலமைப்பு நூலின் பாகுபாடுதான் இன்றைக்கும் வகுப்பறையில் இருக்கிறது. ஒன்று, பல செல்கள் சேர்ந்து உண்டாகும் கணுவுள்ள குழாய். மற்றொன்று, ஒரே செல் வளர்ந்து வளர்ந்து குழாயாகும் கணுவற்ற வகை. எருக்கு, அரளி, கள்ளி வகைகள், ஆல், அரசு, அத்தி எல்லாம் கணுவற்ற வகை.

ஒரே செல் என்று நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அரளியை எடுத்துக்கொள்வோம். புனேயின் சாலை நடுத்திட்டுகளில் மாநகராட்சி வரிசையாக நட்டிருக்கும் செடி, மராத்தியில் கன்ஹேர். அமெரிக்கத் தாவரவியலாளர் பால் மால்பெர்க் அரளியின் கருவைச் சீவிச் சீவிப் பார்த்து 1961-ல் ஒரு கட்டுரை எழுதினார். விதைக்குள் கரு இன்னும் முழு உருவம் பெறாத நிலையில், வித்திலைகள் முளைவிடத் தொடங்கும் மட்டத்தில், ஒரு வளையமாகச் சில செல்கள் மட்டும் பக்கத்துச் செல்களிலிருந்து வேறுபடத் தொடங்குகின்றன. வழக்கமாக 28 செல்கள். அவைதான் பால்குழாய்களின் முதல் செல்கள். அதற்குப் பிறகு அந்தச் செடி முளைத்து, கிளைத்து, ஆள் உயரம் தாண்டி, நூற்றுக்கணக்கான இலை விட்டாலும் புதிதாகப் பால்செல் உண்டாவதில்லை. கருவில் தோன்றிய அந்தச் செல்களே வளர்ந்துகொண்டு போகின்றன. ஒரு முனை வேர் நோக்கிப் போகும், ஒரு முனை தண்டின் நுனி நோக்கிப் போகும், வழியில் கிளை பிரிந்து ஒவ்வொரு இலைக்குள்ளும் நுழையும்.

சாதாரணமாகத் தாவரச் செல் பெரிதாகும்போது பக்கத்துச் செல்லோடு ஒட்டியபடியே பெரிதாகும். சுவரோடு சுவர் ஒட்டியிருப்பதால் ஒன்றை விட்டு ஒன்று நகர முடியாது. பால்செல்லின் நுனி அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. இரண்டு செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் படலத்துக்குள் அது புகுந்துபோகிறது. பால்செடிகள் சிலவற்றின் பாலிலேயே பெக்டினைக் கரைக்கும் நொதி இருப்பதை 1970-களிலும் 80-களிலும் கண்டுபிடித்தார்கள். நுனி முன்னேறும் பாதையை அந்த நொதி இளக்கிக் கொடுக்கிறது என்பதுதான் விளக்கம். பூஞ்சை இழை ஒரு திசுவுக்குள் ஊடுருவுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதாகத் தெரியும். வித்தியாசம், இது வெளியிலிருந்து வந்ததல்ல. செடி தன் உடம்புக்குள்ளேயே, தன் செல் ஒன்றுக்கு இந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது.

இவ்வளவு நீளமான செல்லை ஒரே ஒரு உட்கரு நிர்வகிக்க முடியாது. அதனால் உட்கரு மட்டும் பிரிந்து பெருகுகிறது. வழக்கமாக உட்கரு இரண்டானால் நடுவில் ஒரு சுவர் எழும்பிச் செல்லும் இரண்டாகும். இங்கே அந்தச் சுவர் எழும்புவதே இல்லை. ஒரே குழாய், உள்ளே ஏராளமான உட்கருக்கள். மால்பெர்க்கும் பிரேம் சப்ஹர்வாலும் 1967-ல் ஒரு கள்ளி இனத்தின் கருவில் பார்த்தது இன்னும் அழகானது. உட்கருக்கள் ஆளுக்கொரு நேரத்தில் பிரிவதில்லை. குழாயின் ஓர் இடத்தில் பிரிவு தொடங்கி, அடுத்தது, அதற்கடுத்தது என்று அலைபோல நகர்ந்து போகிறது. பக்கத்திலிருக்கும் மற்றத் திசுக்களில் அந்த அலையின் சுவடே இல்லை. தனக்கென்று தனிக் கடிகாரம் வைத்துக்கொண்டு ஒரு செல் அந்தச் செடிக்குள் வாழ்கிறது.

புனே பல்கலைக்கழக வளாகத்தில் பிரதானக் கட்டடத்தைச் சுற்றிப் பெரிய பெரிய ஆலமரங்கள் நிற்கின்றன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இந்தக் கணக்கு எனக்குள் ஓடும். கடுகைவிடச் சின்ன விதைக்குள் தொடங்கிய செல்லின் கிளைநுனிதான் இன்று புதிதாக விரியும் தளிருக்குள்ளும் இருக்கிறது. மரம் பருக்கும்போது பழைய பட்டை உதிரும், அங்கிருந்த குழாய்ப் பகுதியும் அதோடு போகும். நுனிகள் மட்டும் வளரும் திசுவோடு சேர்ந்து முன்னேறிக்கொண்டே இருக்கும். தாவர உலகில் மிக நீளமான செல் எது என்று கேட்டால் இவற்றைத்தான் காட்ட வேண்டும்.

இதே நகரத்தில் அறிவியல் கல்லூரியின் முதல்வராக இருந்த தியடோர் குக் 1901 முதல் 1908 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பம்பாய் மாகாணத் தாவர நூலை நான் செடி அடையாளம் காண அடிக்கடி புரட்டுவேன். அந்தக் கல்லூரிதான் பின்னாளில் புனே பொறியியல் கல்லூரியானது. அம்மாதிரி நூல்கள் இலை, பூ, கனியை வைத்துச் செடியைச் சொல்லும். அது அவற்றின் வேலை, அதைக் குக் அபாரமாகச் செய்திருக்கிறார். ஆனால் உள்ளே போக வேண்டுமென்றால் பிளேடும் நுண்ணோக்கியும் வேண்டும்.

இனி மற்ற வகை. கணுவுள்ள குழாயில் செல்கள் முதலில் வழக்கம்போல வரிசையாக உண்டாகின்றன, பிறகு இடைச்சுவர்கள் கரைகின்றன. வரிசை வீடுகளின் இடைச்சுவரை இடித்து நீளக் கூடமாக்குவதுபோல. பப்பாளி, அபினிச் செடி, ரப்பர் மூன்றிலும் இப்படித்தான். பக்கத்துக் குழாய்களோடும் குறுக்கே இணைந்து வலைப்பின்னலாகிவிடும். வெங்காயத்திலும் சர்க்கரைவள்ளி குடும்பத்திலும் வரிசை இருக்கும், இடைச்சுவர் முழுக்கக் கரையாது.

ரப்பரைப் பற்றி நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குலசேகரம் பக்கத்தில் விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். மாமாவுக்குப் பால் வெட்டுத் தொழில். "தடியில கத்தி முட்டப்பிடாது, கேட்டியா மக்களே" என்பார். அதற்குமேல் விளக்கம் சொல்லமாட்டார். விளக்கம் அந்தப் பட்டைக்குள் இருக்கிறது. ரப்பர் மரத்தில் கேம்பியம் என்ற வளர்திசு மரத்தைச் சுற்றி உறையாக இருந்து, உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உண்டாக்குகிறது. பட்டை உண்டாகும்போதே அவ்வப்போது ஒரு அடுக்குப் பால்குழாய்களும் உண்டாகின்றன. குறுக்கே வெட்டினால் இந்த அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாகத் தெரியும். பால் அதிகம் உள்ள, உடையாத வளையங்கள் கேம்பியத்துக்கு மிக அருகில் இருக்கின்றன. எனவே வெட்டுகிறவரின் கத்தி கேம்பியத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் போக வேண்டும், ஆனால் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காகத் திரும்ப வளராது, முண்டும் முடிச்சுமாகிவிடும். ஒரு மில்லிமீட்டரை இருட்டில், கை உணர்வை மட்டும் நம்பிக் காப்பாற்றுகிறார்கள். எந்தப் பரிசோதனைக்கூடத்திலும் இதைவிட நுட்பமான திசு வெட்டை நான் பார்த்ததில்லை.

இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிவாக வெட்டுவதற்கும் காரணம் உண்டு. ரப்பரின் பால்குழாய்கள் நேர்க்குத்தாக ஏறுவதில்லை. சில டிகிரி வலப்பக்கமாகச் சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. அந்தச் சாய்வுக்கு எதிராக வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். விடியற்காலையில் வெட்டுவது, வெயில் ஏறி இலை நீரை இழக்கத் தொடங்குமுன் குழாய்களுக்குள் அழுத்தம் அதிகமாக இருப்பதால். வெட்டியதும் அந்த அழுத்தம்தான் பாலை வெளியே தள்ளுகிறது. பிறகு பாலில் இருக்கும் லூட்டாய்டு என்ற நுண்பைகள் உடைந்து, அவற்றிலிருந்து வரும் ஹெவீன் என்ற புரதம் ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து வெட்டுவாயை அடைக்கிறது. வெட்டுச்சாலில் உறைந்து நிற்கும் அந்த ஒட்டுப்பாலை அடுத்த வெட்டுக்கு முன் உரித்தெடுப்பார்கள்.

இவ்வளவு பால் போன பிறகும் செல் சாகவில்லை. உட்கருக்களும் மைட்டோகாண்ட்ரியாவும் பெரும்பாலும் சுவரோரமாகவே தங்கிவிடுகின்றன. சிரட்டையில் விழுவது ரப்பர் துகள்களும் லூட்டாய்டுகளும் நீர்ம சைட்டோபிளாசமும். தங்கிய உட்கருக்களின் ஆணைப்படி இரண்டு மூன்று நாளில் குழாய் மறுபடி நிறைந்துவிடும். அதனால்தான் மாமா ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினார். ஒரு செல்லிடமிருந்து அதன் உள்ளடக்கத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு, அது மீளும் வரை காத்திருந்து மறுபடி எடுப்பது என்பதுதான் ரப்பர் விவசாயம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5 பப்பாளி ரகங்களில் காயைக் கீறிப் பப்பெயின் எடுப்பதும் இதே கதை. அதுவும் காலை வேளையில், அதே அழுத்தத்தை நம்பித்தான்.

பால்குழாய் உள்ள செடிகள் ஏறக்குறைய 40 குடும்பங்களில், 20,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. இவை ஒரே மூதாதையிடமிருந்து வந்ததல்ல. பரிணாமத்தில் பலமுறை தனித்தனியாகத் தோன்றியிருக்கின்றன. அதனால்தான் ஒரே செல்லை வளர்ப்பது, பல செல்களை இணைப்பது என்று கட்டுமான முறைகளும் வேறு வேறு. ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு அருகே கெய்சல்டால் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் முடிக்கற்றைபோலக் கொத்துக் கொத்தாக ஏதோ கிடைத்தது. சுரங்கத் தொழிலாளர்கள் அதைக் குரங்குமயிர் என்றார்கள். ஆராய்ந்தால் அத்தனையும் பால்குழாய்கள். மரம் மக்கிக் கரியாகிவிட்டது, குழாய்க்குள்ளிருந்த ரப்பர் மட்டும் மண்ணிலிருந்த கந்தகத்தோடு சேர்ந்து இறுகி நின்றுவிட்டது. 4 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது!

எதற்காக இவ்வளவு ஏற்பாடு என்ற கேள்விக்கு விடை தேடப் புனேயிலுள்ள வேதாள் டேக்டிக்குப் போனால் போதும். மழைக்காலம் தொடங்கிய பிறகு அந்தக் குன்றின் அடிவாரத்தில் எருக்குப் புதர்களை நிதானமாகப் பாருங்கள். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கும். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகளும் மூன்று ஜோடிக் கறுப்பு இழைகளும் கொண்டது. அது இலையைத் தின்னத் தொடங்குமுன் ஒரு வேலை செய்யும். இலையின் நரம்பைக் கடித்து வெட்டும். பால் குபுக்கென்று வந்து வடியும். அது வடிந்து ஓய்ந்த பிறகு, வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதியைத் தின்னும். அங்கே இனிப் பெரிதாகப் பால் வராது.

டஸ்ஸார்டும் தாமஸ் ஐஸ்னரும் 1987-ல் சயன்ஸ் இதழில் இந்த நரம்பு வெட்டும் உத்தியைப் பற்றி எழுதியது எனக்கு மிகப் பிடித்த கட்டுரைகளில் ஒன்று. தானே நரம்பை வெட்டத் தெரியாத புழுக்கள்கூட, ஏற்கெனவே நரம்பு வெட்டப்பட்ட இலை கிடைத்தால் தின்றுவிடுகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். குழாய் இடைச்சுவரில்லாமல் தொடர்ச்சியாக இருப்பது செடிக்குப் பலம். எங்கே கடித்தாலும் தூரத்திலிருந்தும் பால் பாய்ந்து வரும். அதே தொடர்ச்சிதான் பலவீனமும். ஓரிடத்தில் அறுத்தால் அதற்கு அப்பால் எல்லாம் வற்றிப்போகும். இடைச்சுவர் இல்லாத அந்த உடலமைப்பைப் புழு தன் வாயால் புரிந்துவைத்திருக்கிறது.

பாலில் என்ன இருக்கிறது என்பது செடிக்குச் செடி மாறும். எருக்கில் இதயத்தைத் தாக்கும் கார்டினோலைடு நஞ்சுகள். பப்பாளியில் புரதத்தை அரிக்கும் பப்பெயின். ஜப்பானில் கொட்டாரோ கொன்னோவும் கூட்டாளிகளும் 2004-ல் ஒரு எளிய சோதனை செய்தார்கள். பப்பாளி இலையைத் தின்னக் கொடுத்தால் எரி பட்டுப்புழு சாகிறது. அதே இலையை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, பாலைக் கழுவிவிட்டுக் கொடுத்தால் நன்றாக வளர்கிறது. அந்தப் புழுவைக் கொல்லும் விஷம் இலையின் மற்ற செல்களில் இல்லை. அந்தப் புழுவுக்கு எதிரான பாதுகாப்பை அந்தக் குழாய்களுக்குள் வைத்திருக்கிறது பப்பாளி.

தன்னையே கொல்லக்கூடிய சரக்கைத் தனிச் செல்லுக்குள் பூட்டிவைப்பதன் பயன் நித்யகல்யாணியில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இங்கே சதாஃபுலி என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பூத்திருக்கும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் இந்தச் செடியிலிருந்து வருகிறது. அந்த மருந்துக்கு மூலப்பொருளான விண்டொலினைச் செடி ஒரே செல்லில் சமைப்பதில்லை. முந்தைய படிகள் வேறு செல்களில் நடக்க, கடைசிப் படிகள் பால்செல்களிலும் அவற்றை ஒத்த சில தனிச் செல்களிலும் நடக்கின்றன என்று 1999-ல் ஒரு ஆய்வுக்குழு காட்டியது. நடுவில் ஒரு பொருள் செல்லிலிருந்து செல்லுக்குக் கை மாறுகிறது. புற்றுநோய் மருந்தை ஈஸ்டில் தயாரிக்க முயன்றவர்கள் இவ்வளவு சிரமப்பட்டதற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம்.

கள்ளிப் பாலில் இன்னொரு புதிர். நம் கல்லூரிச் செய்முறை வகுப்பில் எலும்பு வடிவ மாவுமணிகளைப் பார்த்த ஞாபகம் பலருக்கு இருக்கும். புனே பால்கனிகளில் சிவப்புப் பூவோடு நிற்கும் முட்கிரீடக் கள்ளியின் பாலை ஒரு சொட்டு எடுத்து, அயோடின் விட்டால் நீலக்கறுப்பாக, இரு முனையும் தடித்த எலும்புபோலத் தெரியும். உருளைக்கிழங்கின் மாவைச் செடி பசிக்கு எடுத்துச் சாப்பிடும். இந்த மாவை எடுப்பதில்லை. செடியை இருட்டில் பட்டினி போட்டும் பார்த்திருக்கிறார்கள், மற்ற இடங்களில் மாவு தீர்ந்துபோகிறது, பாலில் உள்ளது அப்படியே கிடக்கிறது. வெட்டுவாயை அடைக்க உதவலாம் என்பது ஒரு கருத்து.

பால்குழாயே இல்லாமல் ஒரு பால்செடியை வளர்த்தால் என்ன ஆகும்? ஸ்பெயினின் வலென்சியாவில் பாப்லோ வேராவின் குழு இதைச் செய்தது. ஒரு கள்ளி இனத்தில் பால்குழாய் சரியாக உருவாகாத பிறழ்வுச் செடிகளைத் தேடிப் பிடித்தார்கள். கிள்ளினால் பால் வராத கள்ளி. 2016-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட செய்தி, அந்தச் செடிகள் மற்றபடி நன்றாகவே வளர்ந்தன என்பது. பிறகு 2021-ல் அடுத்த பகுதி வந்தது. பாலில்லாத செடியில் இலைதின்னும் புழு கொழுத்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் சாம்பல் பூசணம் அந்தச் செடியை அவ்வளவாகத் தாக்கவில்லை. பால்குழாய் உள்ள செடியில்தான் பூசணத்துக்குக் கொண்டாட்டம். புழுவைத் தடுக்கும் அதே குழாய் பூசணத்துக்கு வழிவிடுகிறது. கருவிலேயே தொடங்கி உடம்பெங்கும் ஓடும் ஒரு செல்லை வைத்துக்கொண்டிருப்பதற்கு இந்தச் செடிகள் கொடுக்கும் விலை அது.

எருக்கங்காய்கள் வெடித்துப் பஞ்சு பறக்கும் கோடையில் விதைகளைச் சேர்த்துவைத்திருக்கிறேன். மழை தொடங்கியதும் விதைக்கப் போகிறேன். முளைத்த நாற்றுகளை வெவ்வேறு வயதில் சீவி, வித்திலை மட்டத்தில் அந்த முதல் செல்களின் நுனிகள் எங்கே போகின்றன என்று வரைந்து பார்க்க ஆசை. கல்லூரி நண்பர் ஒருவர் நுண்ணோக்கி தருவதாகச் சொல்லியிருக்கிறார். புனேயில் இருக்கும் தமிழ் நண்பர்கள், குறிப்பாகத் தாவரவியல் படிக்கும் பிள்ளைகள், சேர்ந்துகொள்ளலாம். புது பிளேடு, கண்ணாடித் தகடு, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவற்றோடு வாருங்கள். முகத்தைத் துடைத்துக்கொள்ளத் தனித் துணியும் இருக்கட்டும்.